லேப்டாப் ஸ்பீக்கர் கரகரக்கிறதா? திருப்புளியை எடுக்கும் முன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவதிலேயே எனக்குப் போய்விட்டது. காரணம், லேப்டாப்பின் இடது ஸ்பீக்கரில் வந்த ஒரு கரகரப்பு. டிரைவரை (விண்டோஸையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் சின்ன மென்பொருள்) மாற்றியாயிற்று, அப்டேட் எல்லாம் போட்டாயிற்று, நிற்கவில்லை. அடியோடு அழித்தால் போகாமலா இருக்கும் என்று உட்கார்ந்தேன். சாயங்காலம் எல்லாம் முடித்து முதல் பாட்டைப் போட்டால் அதே கரகரப்பு, அதே வரியில். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த அக்கா மகன், கீபோர்டுக்குக் கீழே உள்ளங்கை வைக்கும் இடத்தில் சும்மா விரலை ஊன்றினான். "மாமா, இங்க அமுக்கினா நின்னுடுது பாருங்க" என்றான். லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடிமூடியின் மூலையில் ஒரு ஸ்க்ரூ இல்லை. இரண்டு மாதம் முன்பு ரேம் கூட்டக் கொடுத்த கடையில் அதைத் திரும்பப் போட மறந்திருக்கிறார்கள்.

அந்த ஸ்க்ரூவைப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் முதல் வேலை டிரைவர் இல்லை, மூடியைக் கழற்றுவதும் இல்லை. சத்தத்தைக் கேட்பதுதான்.

எந்தக் கரகரப்பு?

கரகரப்பு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதற்குள் நாலைந்து வகைச் சத்தம் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

தாளிக்கும்போது கடுகு வெடிப்பது போல ஒழுங்கில்லாமல் 'படக் படக்' என்று வருவது ஒரு வகை. எந்தப் பாட்டானாலும் வரும், சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் வரும். பிரவுசரில் நிறைய டேப் திறந்திருந்தால் கூடும். இது பெரும்பாலும் மென்பொருள் கோளாறு.

சின்ன வயதில் சீப்பின் மேல் காகிதத்தை வைத்து ஊதியிருப்பீர்கள். அந்த அதிர்வு போல ஒரு 'ஸ்ர்ர்' இன்னொரு வகை. இது எப்போதும் வராது. கனத்த ஆண்குரல், தவில், சில வீணை நாதம் என்று குறிப்பிட்ட சுருதி வரும்போது மட்டும் வரும். ஒரே பாட்டில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம், ஏதோ ஒன்று உடல்ரீதியாக ஆடுகிறது அல்லது கிழிந்திருக்கிறது.

சத்தத்தை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றினால் மட்டும் எல்லாமே நசுங்கிக் கேட்பது மூன்றாவது. பாட்டு தொடங்கும்போதும் முடிந்த சில நொடிகளிலும் ஒற்றை 'டப்' மட்டும் வருவது நான்காவது. அந்த 'டப்' பெரும்பாலும் மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்காக ஆடியோ சிப் தூங்கி எழும் சத்தம். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது.

இதைக் கேட்கும்போது மேசையைக் காலி செய்துவிடுங்கள். ஒரு தடவை நான் அரை மணி நேரம் தேடிய அதிர்வு, லேப்டாப்புக்குப் பின்னால் இருந்த எவர்சில்வர் டம்ளரில் இருந்து வந்தது.

பத்து நிமிடச் சோதனை

முதலில் ஒரு பாட்டை டவுன்லோட் செய்து லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஓடும் பாட்டை வைத்துச் சோதித்தால், தடங்கல் நெட்டில் வந்ததா ஸ்பீக்கரில் வந்ததா என்று தெரியாது. அந்தப் பாட்டைப் போட்டு, வயர் ஹெட்போனைச் செருகிக் கேளுங்கள். ஹெட்போனிலும் அதே கரகரப்பு வந்தால் ஸ்பீக்கரை மறந்துவிடலாம், கோளாறு அதற்கு முன்னாலேயே இருக்கிறது. ஹெட்போனில் சுத்தமாக இருந்தால் சந்தேகம் ஸ்பீக்கர் பக்கம் திரும்புகிறது. ஆனாலும் உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. டால்பி, மேக்ஸ்ஆடியோ போன்ற சத்தம் மெருகேற்றும் புரோகிராம்கள் ஸ்பீக்கருக்குத் தனியாகவும் ஹெட்போனுக்குத் தனியாகவும் வேலை செய்யும். ஸ்பீக்கருக்கான மெருகு மட்டும் கெட்டிருக்கவும் வாய்ப்புண்டு. புளூடூத் ஹெட்போனை இந்தச் சோதனைக்கு நம்ப வேண்டாம், அது தன் பங்குக்குத் தடங்கலைச் சேர்க்கும்.

அடுத்தது, இடதா வலதா. சவுண்ட் செட்டிங்ஸில் இடது, வலது பேலன்ஸ் தனித்தனியாக இருக்கும். ஒன்றைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு மற்றதைக் கேளுங்கள், பிறகு மாற்றிக் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால் பெரும்பாலும் அந்தப் பக்க ஸ்பீக்கரோ அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கோதான் காரணம். மென்பொருள் கோளாறு ஒரு காதை மட்டும் பிடிப்பது அபூர்வம்.

பிறகு கை. பாட்டு ஓடும்போதே ஸ்பீக்கர் இருக்கும் இடத்தைச் சுற்றிக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். லேப்டாப்பைக் கையில் தூக்கிப் பாருங்கள், லேசாகச் சாய்த்துப் பாருங்கள். அழுத்தத்துக்குச் சத்தம் மாறினால் மென்பொருள் பக்கமே போக வேண்டாம். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்க வேண்டிய இடம் இதுதான்.

இன்னும் துல்லியமாகப் பிடிக்க வேண்டுமானால், தாழ்ந்த சுருதியில் தொடங்கி மேலே ஏறிப்போகும் ஒற்றை ஒலிக் கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை போகும் ஸ்வீப் கோப்புகள் இலவசமாகக் கிடைக்கும். தொடக்கத்தில் ஒன்றுமே கேட்கவில்லை என்று பயப்படாதீர்கள். லேப்டாப்பின் குட்டி ஸ்பீக்கருக்கு அவ்வளவு தாழ்ந்த ஒலி வராது. சில நூறு ஹெர்ட்ஸ் பகுதியில்தான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும், ஆடும் ஸ்க்ரூவும் ஸ்பீக்கரின் கிழிந்த சவ்வும் வாயைத் திறப்பது பெரும்பாலும் அங்கேதான். சத்தத்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்க வேண்டாம். ஒற்றை ஒலியை முழுச் சத்தத்தில் ஓடவிட்டால் நல்ல ஸ்பீக்கரும் சூடாகிக் கெட்டுப்போகும்.

விண்டோஸையே ஒதுக்கிவிட்டுச் சோதிக்கவும் வழி உண்டு. டெல் லேப்டாப்பில் ஆன் செய்தவுடன் எஃப்12-ஐத் தட்டினால் வரும் பட்டியலிலும், ஹெச்பியில் எஃப்2-ஐத் தட்டினாலும் டயக்னாஸ்டிக்ஸ் என்ற கோளாறு கண்டறியும் பகுதி கிடைக்கும். அதில் ஸ்பீக்கர் சோதனை இருந்தால் ஓடவிடுங்கள். விண்டோஸ் எழுவதற்கு முன்பே கரகரத்தால் வன்பொருள்தான், வேறு பேச்சில்லை. இந்த வசதி இல்லாத லேப்டாப் என்றால், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸான உபுண்டுவை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் 'டிரை' என்று ஓட்டிப் பாருங்கள்.

மென்பொருள் என்று தெரிந்தால்

செலவில்லாத வேலையில் இருந்து தொடங்கலாம். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் ஸ்பீக்கர்ஸ் என்பதைத் தட்டினால் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதை 'ஆஃப்' ஆக்குங்கள். டால்பி, டிடிஎஸ் என்று தனி ஆப் இருந்தால் அதையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். என் அனுபவத்தில் ஹெட்போனில் சுத்தமாகவும் ஸ்பீக்கரில் கரகரப்பாகவும் இருந்த மென்பொருள் கோளாறுகள் பெரும்பாலும் இந்த ஒரு வரியிலேயே அடங்கிவிட்டன. அதே பக்கத்தில் 'ஃபார்மட்' என்ற இடத்தில் 24 பிட், 192000 ஹெர்ட்ஸ் என்று பெரிதாக வைத்திருந்தால் 16 பிட், 48000 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் இந்த வித்தியாசத்தைக் கேட்கும் காது யாருக்கும் இல்லை.

சத்தத்தைப் பெருக்கும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் ஏதாவது போட்டிருக்கிறீர்களா? 600 சதவீதம் என்றெல்லாம் காட்டுமே, அதை எடுத்துவிடுங்கள். விஎல்சி பிளேயரிலும் சத்தத்தை 100-க்கு மேல் 125 வரை ஏற்ற முடியும். கோப்பில் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் ஒலியை அதற்கும் மேல் தள்ளினால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அந்தத் தட்டைதான் நசுங்கலாகக் கேட்கிறது. மூன்றாவது வகைக் கரகரப்புக்குப் பாதி நேரம் இதுவே காரணம். சாதாரண லேப்டாப் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 2 வாட் என்ற அளவில்தான் தாங்கும், அதைக் கல்யாண மண்டப ஸ்பீக்கராக்க முயன்றால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்தான் கருகும்.

இனி கடுகு வெடிப்புக்கு வருவோம். இது ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டால் சரிசெய்வது எளிது. விண்டோஸ் ஒலியை வழக்கமாக 10 மில்லிசெகண்ட் துண்டுகளாக அனுப்புகிறது. 48000 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு துண்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 480 மாதிரிகள், அதாவது ஒலியை அளந்து எழுதிய எண்கள். பந்தியில் பரிமாறுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுகிறவர் நிறுத்தாமல் சாப்பிடுகிறார், பரிமாறுகிறவர் இலை காலியாவதற்குள் அடுத்த கரண்டியோடு வந்துவிட வேண்டும். வழியில் வேறு யாராவது குறுக்கே நின்று மறித்தால் இலை ஒரு நொடி காலியாகிவிடும். அந்தக் காலி இடம்தான் 'படக்'. குறுக்கே நிற்பது பெரும்பாலும் வைஃபை டிரைவர், கிராபிக்ஸ் டிரைவர், அல்லது பேட்டரியைக் கவனிக்கும் டிரைவர். பல நேரம் ஆடியோ டிரைவர் மேல் தப்பே இருக்காது. அதனால்தான் ஆடியோ டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் சிலருக்குத் தீராது.

சோதிப்பது இப்படி: டவுன்லோட் செய்த பாட்டை ஓடவிட்டு ஏரோபிளேன் மோடைப் போடுங்கள். கரகரப்பு நின்றால் வைஃபை அல்லது புளூடூத் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். நிற்காவிட்டால் பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கிப் பாருங்கள், சார்ஜரில் ஒரு முறை, பேட்டரியில் ஒரு முறை. அதற்கும் பிடிபடவில்லை என்றால் லேட்டன்சிமான் என்ற புரோகிராம் இருக்கிறது, வீட்டு உபயோகத்துக்கு இலவசம். அதைத் தொடங்கிவிட்டு ஐந்து பத்து நிமிடம் வழக்கம்போல் வேலை பாருங்கள். எந்த டிரைவர் அதிக நேரம் பிடித்துக்கொள்கிறது என்று பட்டியல் காட்டும். முதலிடத்தில் என்டிஐஎஸ் என்று இருந்தால் நெட்வொர்க், ஏசிபிஐ என்று இருந்தால் மின் மேலாண்மை. இரண்டாவது வந்தால் பயாஸுக்கு (லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிரைவர் மாற்றுவது அதற்கப்புறம்தான். டிவைஸ் மேனேஜரைத் திறந்து 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' என்பதை விரித்தால் பெரும்பாலான லேப்டாப்களில் ரியல்டெக் என்ற பெயர் தெரியும். நண்டுச் சின்னம் போட்ட தைவான் கம்பெனி. சமீபத்தில் ஒரு அப்டேட்டுக்குப் பிறகுதான் கரகரப்பு தொடங்கியது என்றால், அதன் ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர் பகுதிக்குப் போய் 'ரோல் பேக் டிரைவர்' அழுத்துங்கள். இல்லையென்றால் லேப்டாப் கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து அதற்கென்றே உள்ள ஆடியோ டிரைவரை இறக்குங்கள். 'எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்' என்று வரும் புரோகிராம்கள் பக்கம் தலை வைத்துப் படுக்காதீர்கள்.

இன்னொரு நல்ல சோதனை, மைக்ரோசாப்டின் பொது டிரைவரைப் போட்டுப் பார்ப்பது. ரியல்டெக் மேல் ரைட் கிளிக் செய்து அப்டேட் டிரைவர், பிரவுஸ் மை கம்ப்யூட்டர், லெட் மீ பிக் என்று போனால் 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்று ஒன்று பட்டியலில் இருக்கும். சத்தம் கொஞ்சம் சப்பென்று கேட்கும், ஆனால் கரகரப்பு போய்விட்டதா என்பதுதான் கேள்வி. இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் உள்ள புதிய லேப்டாப்களில் இந்தப் பெயர் பட்டியலில் வராமல் போகலாம், அப்போது வலிந்து தேட வேண்டாம்.

மேக் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: 2019-இல் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவில் பாட்டை நிறுத்தும்போதும் தாண்டும்போதும் 'பட்' என்ற சத்தம் வந்தது. ஸ்பீக்கரை மாற்றாதீர்கள், இது மென்பொருள் கோளாறு என்று ஆப்பிளே தன் பழுதுபார்ப்பவர்களுக்குச் சொன்னது. ஆகவே முதலில் அப்டேட். பிறகு ஆடியோ மிடி செட்டப் என்ற ஆப்பில் 44,100-க்கும் 48,000-க்கும் மாற்றிப் பாருங்கள். லினக்ஸில் ஒற்றை 'டப்' மட்டும் தொல்லை என்றால் சவுண்ட் மாட்யூலின் பவர் சேவ் மதிப்பை 0 ஆக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வன்பொருள் என்று தெரிந்தால்

எதையும் தொடும் முன் லேப்டாப்பைச் சமமான மேசையில் வைத்து மூலைகளை அழுத்திப் பாருங்கள். ஆடுகிறதா? டச்பேட் மேலே உப்பி வந்திருக்கிறதா, அழுத்தினால் கிளிக் ஆக மறுக்கிறதா? அப்படியானால் உள்ளே பேட்டரி ஊதியிருக்கலாம். பல மாடல்களில் ஸ்பீக்கர் பேட்டரிக்கு ஒட்டியே இருக்கும், ஊதிய பேட்டரி அதை நெருக்கினால் அதிரத் தொடங்கும். இந்த நிலையில் கரகரப்பு பெரிய விஷயமே இல்லை. உடனே ஆஃப் செய்யுங்கள், சார்ஜ் போடாதீர்கள், குத்தவோ அமுக்கவோ செய்யாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

பேட்டரி சரியாக இருந்தால், அடிமூடியின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் திருகி இறுக்கிப் பாருங்கள். ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களையும் மறக்க வேண்டாம். முறுக்கிக்கொண்டே போகக் கூடாது, நின்றதும் விட்டுவிட வேண்டும். உள்ளே இருக்கும் பித்தளை மறை பிளாஸ்டிக்கில்தான் பதிந்திருக்கிறது, பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

அடுத்து ஸ்பீக்கர் சல்லடை. காய்ந்த மெல்லிய டூத் பிரஷ்ஷை எடுத்து, லேப்டாப்பைச் சாய்த்துப் பிடித்து, தூசி வெளியே விழும்படி தேயுங்கள். ஊசியால் நோண்டாதீர்கள், சல்லடைக்குப் பின்னாலேயே ஸ்பீக்கரின் மெல்லிய சவ்வு இருக்கிறது. கம்ப்யூட்டர் கடைகளில் அடிக்கும் பெரிய புளோயரையும் நேராகப் பிடிக்கக் கூடாது. காற்றே அந்தச் சவ்வைக் கிழித்துவிடும். ஸ்பீக்கரில் காந்தம் இருப்பதால் ஸ்டேப்ளர் பின் துண்டு, இரும்புத் தூள் போன்றவை தேடிவந்து ஒட்டிக்கொள்ளும். தூசியைப் போல இவை தட்டினால் விழாது, மூடியைத் திறந்துதான் எடுக்க வேண்டும்.

வாரன்டி இருந்தால் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும் முன் கரகரப்பைப் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள், எந்தப் பாட்டில் எந்த நொடியில் வருகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பல்வலி டாக்டரைக் கண்டதும் நின்றுவிடுவது போல, கரகரப்பும் சர்வீஸ் மேசையில் பேசாமல் இருந்துவிடும்.

வாரன்டி முடிந்துவிட்டது, கை துறுதுறுக்கிறது என்றால் திறக்கலாம். ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே வைத்து டேப் ஒட்டுங்கள். ஸ்க்ரூக்களின் நீளம் வேறு வேறாக இருக்கும், நீளமானதைத் தப்பான இடத்தில் போட்டால் மேலே உள்ளங்கை வைக்கும் இடத்தில் முளைத்துக்கொண்டு வரும். மூடியின் விளிம்பைப் பிரிக்கக் காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். திறந்ததும் முதல் வேலை பேட்டரியின் கனெக்டரைக் கழற்றுவது.

இப்போது ஸ்பீக்கரைப் பாருங்கள். கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிக்குள் விரல் நகம் அளவு சவ்வு, ஓரங்களில் சின்ன ரப்பர் வளையங்கள். அந்த ரப்பர் காய்ந்து உதிர்ந்திருந்தாலோ ஒன்று காணாமல் போயிருந்தாலோ பெட்டி அடிமூடியில் மோதிக் கரகரக்கும். சின்ன ஃபோம் டேப் துண்டு வைத்தால் சரியாகிவிடும். ஸ்பீக்கர் வயர் பள்ளத்தை விட்டு வெளியே வந்து சவ்வின் மேல் உரசுகிறதா என்றும் பாருங்கள், முன்பு யாராவது திறந்த லேப்டாப்களில் இது சகஜம். சவ்வின் ஓரம் கிழிந்திருந்தால் ரப்பர் போல் வளையும் பசையை ஊசிமுனை அளவு தடவி ஒட்டலாம். அது தற்காலிகம்தான், புது ஸ்பீக்கர் வரும்வரை ஓடும்.

மல்டிமீட்டர் இருந்தால் ஸ்பீக்கர் கனெக்டரைக் கழற்றி ஓம் அளவைப் பாருங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் தலையை நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கர் நாலுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். முக்கியம் என்னவென்றால் இடதும் வலதும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். வயரை ஆட்டும்போது எண் தாவினால் உள்ளே வயர் பாதி அறுந்திருக்கிறது.

மாற்றுவது என்று முடிவானால், பழைய ஸ்பீக்கரின் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் மாடல் பெயரை மட்டும் சொன்னால் போதாது, ஒரே பெயரில் இரண்டு மூன்று உள்ளமைப்புகள் இருக்கும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் பழைய ஸ்பீக்கரையே கையில் எடுத்துக்கொண்டு போவது நல்லது, கடைக்காரர் அருகில் வைத்து ஒப்பிட்டுத் தருவார். பெரும்பாலும் ஜோடியாகத்தான் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் இரு காதுக்கும் இரண்டு விதமாகக் கேட்கும். மதர்போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால், விலை குறைந்த ஸ்பீக்கரை முதலில் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். புதுசும் அதேபோல் கரகரத்தால்தான், மதர்போர்டில் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் சிப் பக்கம் சந்தேகம் போக வேண்டும்.

புது ஸ்பீக்கரைப் பொருத்தி பேட்டரி கனெக்டரைச் செருகியதும் உடனே எல்லா ஸ்க்ரூவையும் போட்டுவிடாதீர்கள். மூடியை வெறுமனே வைத்து, நிமிர்த்தி, மூலையில் இரண்டு ஸ்க்ரூ மட்டும் போட்டு, முன்பு கரகரத்த அதே பாட்டின் அதே வரியை ஓடவிடுங்கள். சுத்தமாக இருந்தால் மீதியைத் திருகலாம். தாளில் ஒட்டிய டேப்புக்கு அடியில் ஸ்க்ரூ ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.